சிப்பிக்கு எது சேரும்?

எதற்கு எது சேரும் என்று சொல்வதற்காகவே பிறந்த ஓர் இனம் உண்டு, வாசகரே. நீங்கள் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும் வேளை பார்த்து, "ஐயையோ, இதுக்குப் போயி காரச் சட்னிங்களா?" என்று பதறுவார்கள். பிட்டதைக் கீழே வைப்பதா, விழுங்குவதா? எது செய்தாலும் தப்புதான்.

திருத்தணியில் பத்திரம் எழுதிப் பிழைத்த துரைக்கண்ணு இந்த இனத்தின் தலைமகன். வேர்க்கடலைக்கு வெல்லம், வெல்லத்துக்குத் தண்ணீர், தண்ணீருக்குப் பித்தளைச் சொம்பு என்று அவர் சேர்த்துவைத்த ஜோடிகள், மலைமேல் முருகன் சந்நிதியில் நடந்த கல்யாணங்களைவிட அதிகம். அவற்றிலெல்லாம் மகுடம் ஒன்று: பச்சைச் சிப்பிக்கு வெள்ளை ஒயின். இளவயதில் பட்டணத்தில் டைப் அடித்த காலத்தில், வெள்ளைக்காரத் துரை வீட்டு விருந்தில் கண்ணால் பார்த்தாராம். பார்த்தது மெய்தான். ஜன்னலுக்கு வெளியே நின்று, பட்லரின் முதுகு மறைத்தது போக மிச்சத்தை.

"சிவப்பு ஒயினா? சிப்பிக்கா? அவமானங்க!" என்பார். பூக்கடை தேசப்பன் யாருக்கு அவமானம் என்று தெரியாமலே தலையாட்டுவார். ஆட்டி ஆட்டி ஒரு நாள் அவருக்குக் கழுத்து வலித்துவிட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மதுவிலக்குச் சட்டம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ராணுவ மெஸ்ஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பரசுராமனிடம், கப்பலேறிப் போன வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த வெள்ளை ஒயின் பாட்டில் ஒன்று இருந்தது. தேசப்பன் விடுவாரா? லாரி மெக்கானிக் ஷபியுல்லாவைப் பிடித்து, பழவேற்காட்டிலிருந்து ஈரச் சாக்கில் சிப்பி வரவழைத்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த ஞாயிற்றுக்கிழமை, சாக்கும் பாட்டிலும் துரைக்கண்ணு வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கின.

"அண்ணாத்தே, நீ துன்னு காட்டு. நாங்க பாத்துகினு இருக்கோம்" என்றார் தேசப்பன்.

துரைக்கண்ணு சாக்கைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். இன்று பின்வாங்கினால் நாளை முதல் வேர்க்கடலையைப் பற்றிக்கூட வாய் திறக்க முடியாது. ஷபியுல்லா ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சிப்பியை நெம்பித் திறந்து கொடுத்தார். துரைக்கண்ணு தோரணையாக எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். உள்ளே இருந்தது சுருங்கியது.

"உயிரோட கீதுங்க!" என்று ஷபியுல்லா இரண்டடி தள்ளி நின்றார்.

"உயிரோட இருந்தாத்தான் ருசி" என்றார் துரைக்கண்ணு. கண்ணை மூடிக்கொண்டு, தணிகாசலமூர்த்தியை நினைத்து, விழுங்கினார். அது பாதி வழியில் யோசித்தது. அவசரமாக ஒரு டம்ளர் ஒயினைச் சாய்த்தார். நாக்கு சுருண்டது, காது சூடேறியது, கண்ணில் நீர் முட்டியது.

"எப்படி?" என்றார் தேசப்பன்.

"சே... சேருது."

பரசுராமனும் ஒரு வாய் குடித்தார். மெஸ்ஸில் இருந்தவனுக்கே ருசி தெரியவில்லை என்று ஊர் சொல்லாதா? "ஆங், நல்லா சேருதுங்க" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்பலப்படுத்த வந்த தேசப்பனும் குடித்தார். தான் ஒருவன்தான் நாக்குக் கெட்டவனா? "எனுக்குக் கொஞ்சம் லேட்டா சேருது."

அப்போது துரைக்கண்ணுவின் மனைவி ரத்தினம்மாள் அடுக்களையிலிருந்து வந்து பாட்டிலை முகர்ந்தாள்.

"இன்னாங்க இது? ஒயினா? புளிச்சிக் காடியாப் பூட்டு இருக்குது! மூணு பேரும் ரசிச்சிக் குடிச்சிகினு கீறீங்க!"

பரசுராமன் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். இன்னொருவராக இருந்தால் தலை குனிந்திருப்பார். துரைக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதத்தான் நானும் சொல்றேன். சிப்பிக்குக் காடிதான் சேரும்!"

தேசப்பன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. பரசுராமன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரத்தினம்மாள் சாக்கை இழுத்துக்கொண்டு போய், மிளகாயும் பூண்டும் அரைத்துப் போட்டுத் தொக்காக வதக்க, சிரித்து ஓய்ந்தவர்கள் சோறு போதாமல் திண்டாடினார்கள்.

சீமையில் பெரிய விருந்துகளில், பச்சைச் சிப்பியின் மேல் காடியை, அதாவது வினிகரைத் தெளித்துத் தருவது உண்மையிலேயே வழக்கம். துரைக்கண்ணு தப்பிப்பதற்காகச் சொன்னதும் சரியாகத்தான் போயிற்று. அவருக்கே அது தெரியாது.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் போன கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வெறுமனே குடிக்கப்போனபோது, "அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கிட்டு..." என்று ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?