தர்ப்பூசணி போட்டிருக்கும் ஹெல்மெட்

பாசமும் பயமும் சரிபாதியாகக் கலந்த வணக்கத்துடன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுவது. இங்கே அம்மா, தம்பி, நான் எல்லாரும் சுகம். ஒரு தர்ப்பூசணி மட்டும் சுகமில்லை. நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தக் கடிதம் அம்மா கண்ணில் படாமல் உங்கள் கைக்கு வர வேண்டும்.

ஆஸ்பத்திரியில் தலை உடைந்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டுப் போட்டு நொந்துபோய், தம்பிக்கு சைக்கிளோடு ஹெல்மெட்டும் வாங்கி அனுப்பினீர்கள் அல்லவா? நாளைக் காலையில் அவன் முதல்முறையாக சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான். அவன் தலையில் அதை ஏற்றுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போய்விட்டாள். ஏற்ற முடிந்தால்தானே? விண்வெளி வீரர் போடுவது என்றேன், அப்படியானால் ராக்கெட் எங்கே என்று கேட்டான். டைனோசர் படம் ஒட்டினேன், அதைப் பிய்த்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டான். ஹெல்மெட்டில் தண்ணீர் ஊற்றி, ஓட்டை வழியே ஒழுகுவதைப் பார்த்து மழை மழை என்று குதித்தான். கெஞ்சி, மிரட்டி, எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பழக்கடைக்காரி மகளுக்கு வேறு என்ன யோசனை வரும்? அம்மா விற்க வைத்திருந்த இரண்டு சின்னத் தர்ப்பூசணிகளை மாடிக்குத் தூக்கிப் போய், ஒன்றுக்கு ஹெல்மெட் மாட்டி, வாரை இறுக்கி, கீழே யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன். பூச்செடி மண்ணில் பொத்தென்று விழுந்தது, ஒரு கீறல் இல்லை. மற்றதை வெறுந்தலையோடு போட்டேன். கீழ்வீட்டுக்காரர் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் மேல் அது விழுந்தது, மாமா. விதை அவர் ஜன்னல் வரை தெறித்தது. யார் வேலை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்தால் குட்டியே என் மண்டையை வீங்கவைத்துவிடுவாள்.

இத்தனைக்கும் பலன் என்ன தெரியுமா? தம்பி அந்த உடையாத பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கழட்டாதக்கா, பாப்பா செத்துப்போயிடும்" என்கிறான்.

"டேய், அது உன் தலைக்குடா."

"என் தலை விழாது. கழுத்துல ஒட்டியிருக்குல்ல?"

பாப்பா இப்போது ஹெல்மெட்டோடு அவன் பக்கத்தில் படுத்திருக்கிறது. தொட்டால் தெருவே எழுந்திருக்கும்படி அலறுகிறான். பள்ளிக்கூடத்து வளைவில் லாரிகள் வேகமாகத் திரும்பும். அவனுக்கு இருப்பது ஒரே தலை. உடனே இன்னொரு ஹெல்மெட் அனுப்புங்கள். அது வரும்வரை தினமும் காலையில் எனக்கு வயிற்றுவலி வரும், அவனையும் பள்ளிக்கூடம் போக விடமாட்டேன்.

அத்தைக்கு என் அன்பு. தூங்கும்முன் பாப்பாவும் உங்களை விசாரித்ததாகத் தம்பி சொன்னான்.

உங்கள் மருமகள்

பி.கு.: விடிந்துவிட்டது. ஹெல்மெட் வேண்டாம், மாமா. கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஏன் என்று தம்பி மாடியிலிருந்து கேட்டான். "என்னப்பா பண்றது, மேலேருந்து எப்ப என்ன விழும்னே தெரியல" என்றார். தம்பி ஓடிப்போய்ப் பாப்பாவைத் தூக்கி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் போட்டு, வாரையும் தானே மாட்டிக்கொண்டான். அப்புறம் அவருக்கு ஆறுதலாக, "பயப்படாதீங்க அங்கிள், மிச்சம் இருக்கிறத அக்கா போட நான் விடமாட்டேன்" என்று சொன்னான். அம்மாவும் கீழே அவர் பக்கத்தில்தான் நின்றாள். இப்போது படியேறி வருகிறாள்.

ஹெல்மெட் அனுப்புங்கள், மாமா. என் அளவுக்கு.