கீரி எடுத்த படமும் கரடியின் நாற்காலியும்

ஒரு காட்டில் சிங்கம் கர்ஜித்து ஊரைக் கூட்டிய காலமெல்லாம் முடிந்துபோய், மரத்துக்கு மரம் திரை கட்டி அதில் பொழுதுக்கும் எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கினாலும் சரி, ஓடையில் தண்ணீர் குடிக்க வரிசையில் நின்றாலும் சரி, 'கரடி மார்க் தேன்' விளம்பரம் ஒரு தடவையாவது கண்ணில் பட்டுவிடும். ஓர் அணில் நாக்கைச் சுழற்றி நக்கும். மழைத்துளி விழும். பாட்டு வரும். கரடி படம் போட்ட குடுவை வரும். முடிந்தது. மொத்தம் முப்பதே நொடி.

அந்த முப்பது நொடியை எடுத்தவன் தங்கப்பழம் என்கிற கீரி. ஆனால் இந்த விஷயம் அவன் வளைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். விளம்பரத்தில் குடுவையின் பேர் வரும். எடுத்தவன் பேர் எங்கே வரப்போகிறது?

ஒருநாள் மகள் பவளம் பள்ளிக்கூடத்திலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

"ஆந்தை டீச்சர் ஒவ்வொருத்தரா எழுப்பி, அப்பா என்ன வேலை பாக்காங்கன்னு கேட்டாங்க. தேன் விளம்பரம் எங்கப்பா எடுத்ததுன்னு சொன்னேன். கிளாஸே சிரிக்கு. பேர் எங்க போட்டிருக்குன்னு கேக்காங்க. நான் புளுகுணியாம்."

தங்கப்பழத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான்.

"சினிமா எடுக்கப்போறேன். ரெண்டரை மணி நேரப் படம். மொத மொத என் பேரு, பாறை அகலத்துக்கு!"

அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி மகளின் வாலில் ஒட்டியிருந்த ஒட்டுப்புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே சொன்னாள். "எடுங்க. எடுக்கும்போது வீட்டுக்குக் காய் வாங்கிப் போடவும் மறந்துராதீங்க."

யானை வேலம்மாள்தான் அந்தக் காட்டின் பெரிய தயாரிப்பாளர். மழையைத் தேடிப் போன மான் ஒன்று அம்மாவைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிற கதையை அவன் சொல்லச் சொல்ல, வேலம்மாள் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடு தம்பி. ஒரே ஒரு பேச்சு. படம் ஓடும்போது பாதியில ஒரு உருப்படி எந்திரிச்சுப் போகக் கூடாது. போச்சுன்னா நீ மறுபடி தேனுக்கே போயிரணும். மத்தபடி உன் இஷ்டம்."

உன் இஷ்டம்! தங்கப்பழத்துக்கு உடம்பெல்லாம் முடி சிலிர்த்து நின்றது. அந்த வார்த்தையை இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் சொன்னதே இல்லை. தேன் விளம்பரம் எடுக்கும்போது காமிராவுக்குப் பின்னால் ஒரு குடை இருக்கும். குடைக்குக் கீழே பிரம்பு நாற்காலி. நாற்காலியில் தேன் முதலாளி கரடி அண்ணாச்சி, மடி நிறையப் பொரிகடலையோடு. "ஏலே, அணிலுக்கு வால் சாஸ்தியாத் தெரியுது, குடுவை தெரியல" என்பார். "மழை கொஞ்சம் மஞ்சளாப் பெய்யுமா? தேன் கலருக்குப் பொருத்தமா இருக்கும்லா" என்பார். அவர் வாயிலிருந்து 'ஓகே' வாங்குவதற்குள் தங்கப்பழத்துக்கு நாக்கு வெளியே தள்ளிவிடும். அந்தத் தொல்லை இனி இல்லை.

முதல்நாள் படப்பிடிப்பு. மான் நின்று அழ வேண்டிய காட்சி. மான் நன்றாகத்தான் அழுதது. தங்கப்பழம் "கட்!" என்று கத்தினான். கத்தின வேகத்தில் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பி, "ஓகேவா அண்ணாச்சி?" என்றான்.

அங்கே ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்தது. அதுவும் பறந்துபோனது.

"சார், நீங்கதான் சொல்லணும்" என்றது உதவி இயக்குநரான கரிச்சான் குருவி.

"நல்லாருந்துச்சா?"

"என்னைக் கேட்டா? நான் கிளாப் அடிக்கிறவ சார்."

சரி, எதற்கும் இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்றான். பிறகு இன்னொரு தடவை. மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு தடவை ஆகிவிட்டது. மான் பக்கத்தில் வந்து பணிவாகச் சொன்னது. "சார், எனக்கு அழுகை தீந்துபோச்சு. நாளைக்கு ஊறின பிறகு வரட்டுமா?"

மறுநாள் மான் காதில் வைக்கிற பூ சிவப்பா வெள்ளையா என்று தகராறு. தகராறு வேறு யாரோடும் இல்லை, தங்கப்பழத்துக்கும் தங்கப்பழத்துக்கும்தான். வேலம்மாளிடம் ஓடினான். "உன் இஷ்டம் தம்பி" என்றார். மழை முதலில் வரலாமா, கடைசியில் வரலாமா என்று கேட்டான். "உன் இஷ்டம்." அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது அவன் காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தான். ஒன்பது நாள் போயிற்று. ஒரு காட்சியும் ஓகே ஆகவில்லை. இந்தக் கணக்கில் போனால் யாரும் எழுந்து போவது இருக்கட்டும், வந்து உட்காரவே படம் இருக்காது.

வளைக்குள் வந்து சுருண்டு படுத்தவனை முத்துப்பேச்சி பார்த்தாள்.

"என்னங்க, நம்ம பவளத்துக்குத் துணி எடுக்கப் போனா எப்படி எடுப்பேன் தெரியுமா?"

"எனக்கு இருக்கிற தொல்லையில துணி வேறயா?"

"கேளுங்க. உனக்கு எது வேணும்னு கேட்டா ராத்திரி வரைக்கும் சொல்லமாட்டா. இந்தா, இந்தப் பச்சைய வெச்சுக்கோன்னு நீட்டுனா, 'ஐயே, எனக்கு நீலந்தான் வேணும்'பா. அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்கு வந்துரலாம். நீங்களும் அதே ரகந்தான். உங்களுக்குப் பச்சைய நீட்ட ஒரு ஆள் வேணும்."

தங்கப்பழம் துள்ளி எழுந்தான். மறுநாள் விடிந்ததும் கரடியின் குகை வாசலில் நின்றான்.

"படத்துல என் தேன் வருதாலே?" என்று கேட்டார் கரடி அண்ணாச்சி.

"வராது அண்ணாச்சி."

"என் படமாவது மாட்டியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப நான் என்னத்துக்குலே?"

"நாற்காலியில உக்காந்து குறை சொல்லணும். அம்புட்டுதான்."

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப ஒரு நரி விளம்பரம் எடுக்கான். நான் என்ன சொன்னாலும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுதான். நாலு வார்த்தை மல்லுக்கட்ட ஆளில்லாம வாய் துருப்பிடிச்சுப் போச்சுலே, தங்கம்" என்று சொல்லி, அப்போதே நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குடை விரிந்தது. பொரிகடலை வந்தது. மான் அழுதது.

"அது எதுக்குலே அழுவுது?" என்றார் அண்ணாச்சி. "சிரிக்கச் சொல்லு."

"அம்மாவைத் தொலைச்சிட்டு நிக்குது அண்ணாச்சி! எப்படிச் சிரிக்கும்?"

"தொலைச்சா என்ன? இந்த மூஞ்சியப் பாத்தா எனக்கே கடலை இறங்கல."

"இறங்கக் கூடாது! பாக்கிற ஒருத்தருக்கும் இறங்கக் கூடாது! அதுக்கு அழுகை தொண்டை வரைக்கும் வந்துட்டு, வெளிய வராம..." தங்கப்பழம் சட்டென்று நிறுத்தினான். மானிடம் ஓடினான். "நீ அழவே வேண்டாம். அடக்கிட்டு நில்லு. போதும்."

மான் அடக்கிக்கொண்டு நின்றது. கிளாப் அடிக்க வேண்டிய கரிச்சான் அழுதுவிட்டது. ஒரே தடவைதான். "ஓகே!" என்றான் தங்கப்பழம், பின்னால் திரும்பாமலேயே.

"எனக்குப் புடிக்கல" என்றார் அண்ணாச்சி.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அண்ணாச்சி சிவப்புப் பூ என்றால் இவன் வெள்ளை வைத்தான். மழை முதலில் பெய்யட்டும் என்றால் கடைசிக்குத் தள்ளினான். அண்ணாச்சியின் குரல் ஏழு மலைக்குக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுக் காடே வேடிக்கை பார்க்க வந்தது. வந்தவர்கள் கண்ணில் பட்டது குடைக்குக் கீழே உட்கார்ந்து கத்துகிற பெரிய உருவம். முன்னால் சின்னதாக ஏதோ ஒன்று குறுக்கும் நெடுக்கும் ஓடுவதும் தெரிந்தது. அதை யார் கவனிக்கிறார்கள்?

படம் வெளியாகும் நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் பெரிய பாறையில் திரை கட்டினார்கள். முன்வரிசையில் முத்துப்பேச்சி, பக்கத்தில் பவளம், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் கிளாஸ் முழுக்க. தங்கப்பழம் ஓரமாக ஒரு புதரில் ஒண்டி நின்றான். மேளம் கொட்டியது. திரை வெளுத்தது.

"அம்மா, ஒண்ணுக்கு."

"இப்பவா? அப்பா பேரு வரப்போவுதுடி. சித்த நேரம் அடக்கு."

"முடியல!"

ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் கூட இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? எனக்கும் எனக்கும் என்று கிளாஸே எழுந்தது. முத்துப்பேச்சி அத்தனையையும் ஓட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனாள். ஐயோ, தொடங்கும்போதே எழுந்து போகிறார்களே என்று தங்கப்பழம் அவர்கள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் திரையில் 'எழுத்து, இயக்கம்: தங்கப்பழம்' என்று பாறை அகலத்துக்கு வந்தது. பெரியவர்கள் வேர்க்கடலை வரிசையில் இருந்தார்கள். மிச்சப் பேருக்கு ஒரு காட்டெருமை இடம் தேடிக்கொண்டு நடுவில் நின்று மறைத்தது. நாலு மூச்சு விடுகிற நேரம்தான். பேர் போய் மான் வந்த பிறகுதான் பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்தன.

அதற்கப்புறம் ஒரு உருப்படிகூட எழுந்திருக்கவில்லை. வாங்கின கடலை வாங்கினபடியே மடியில் இருந்தது. ஆந்தை டீச்சர் கண் சிமிட்ட மறந்துபோனார். கடைசியில் மழை பெய்து மான் வாய்விட்டு அழுதபோது காடே சேர்ந்து அழுதது. பிறகு ஓவென்று கத்திக்கொண்டு ஓடிப்போய், கரடி அண்ணாச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டது.

"விடுங்கலே! படத்தை எடுத்தது அந்தக் கீரி! எனக்கு இந்தப் படமே புடிக்கல!" என்று அண்ணாச்சி அலறினார்.

"பாத்தீங்களா அடக்கத்தை! தான் எடுத்த படத்தையே புடிக்கலங்காரு!" என்று கூட்டம் இன்னும் உயரத் தூக்கியது. பவளத்தின் கிளாஸும் கூடவே கை தட்டியது.

வேலம்மாள் தங்கப்பழத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான் எடுத்தேன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா கூட்டம் யாரைத் தூக்குதோ அவரை வெச்சுத்தான் அடுத்த படம் எடுக்க முடியும்." அப்படியே கூட்டத்தின் தோளில் தொங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி பக்கம் திரும்பி, "அடுத்த படம் உங்களுக்கு. மத்தபடி உங்க இஷ்டம்" என்றார். அண்ணாச்சியின் கறுத்த முகமும் அப்போது வெளிறிப் போனது.

ஒரு வாரம் கழித்துக் கீரியின் வளை வாசலில் ஒரு பெரிய மூக்கு நுழைந்தது. மிச்சக் கரடி உள்ளே வரவில்லை.

"தங்கம், சிவப்பா வெள்ளையான்னு ஒரு எழவும் புரியலலே. நீ வந்து உக்காரு."

"வந்து என்ன சொல்லணும் அண்ணாச்சி?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லு. நல்லால்லன்னு சொல்லு!"

தங்கப்பழம் போய் உட்கார்ந்தான். நாற்காலி அவனுக்கு ரொம்பப் பெரிது, கால் தரைக்கு எட்டவில்லை. கரிச்சான் குடை பிடித்தது. யாரோ மடியில் பொரிகடலையைக் கொட்டினார்கள். ஓட வேண்டாம், கத்த வேண்டாம், வியர்க்க வேண்டாம். இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

"கட்!" என்று கத்திவிட்டு அண்ணாச்சி நடுங்கிக்கொண்டே திரும்பினார். "ஓகேவா தம்பி?"

காட்சி உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. தங்கப்பழம் நிதானமாக ஒரு கடலையை மென்றான்.

"சூரியன் சரியில்ல அண்ணாச்சி."

படப்பிடிப்பே பதறிப்போய் வானத்தைப் பார்த்தது. மேட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைப் பிளந்தன. "யாருடி அது, கரடியவே ஆட்டி வைக்காரு?" என்று ஒரு முயல்குட்டி கேட்டது.

"எங்கப்பா" என்றாள் பவளம்.

இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. முயல்குட்டி மெதுவாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.

நீதி: வேலை தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும், நாற்காலி கிடைத்தவருக்குப் பேர் கிடைக்கும். ஆகையால் பிள்ளைகளே, குடை எங்கே விரித்திருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.