நூற்றிருபதடிக் கலிலியோ

கலிலியோ செத்து நானூறு வருஷம் ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெருவுக்கு ஒருவராக உயிரோடுதான் இருக்கிறார். இத்தாலியில் இருந்தவர் ஒருவர்தான், நம் பக்கத்தில் இந்த இனம் பெருகிக் கிடக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். டீக்கடையில் யாராவது "அப்படி இல்லையே" என்று வாயைத் திறந்ததும் எவர் முகம் மலர்கிறதோ, அவரேதான். மறுத்துப் பேசினால் நமக்கெல்லாம் கோபம் வரும், வெட்கம் வரும், குறைந்தபட்சம் ஒரு சந்தேகமாவது வரும். இவருக்கு வருவது நிம்மதி. "கலிலியோவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்பார். முடிந்தது விவாதம். கலிலியோவை எல்லோரும் எதிர்த்தார்கள், கலிலியோ சொன்னது சரியாகப் போயிற்று. என்னையும் எல்லோரும் எதிர்க்கிறார்கள், ஆகவே நான் சொல்வதும் சரி. இந்தக் கணக்கில் எங்கேயோ உதைக்கிறதே என்கிறீர்களா? போச்சு, எதிர்ப்பாளர் பட்டியலில் உங்களையும் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில் இந்த இனத்தின் சிறந்த மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் ஹாஜா முகைதீன். கத்தாரில் இருபத்துநாலு வருஷம் மீன் கிடங்கொன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த ஆறாம் மாதம் அவருடைய போனில் ஐரோப்பிய விஞ்ஞானிகளைப் பற்றிய உரைத்தொடர் ஒன்று வந்து சேர்ந்தது. மொத்தம் அறுபத்துநாலு பாகம். அவர் மனைவி மெஹருன்னிசா அந்த அறுபத்துநாலையும் அடுப்படியில் நின்றபடியே கேட்டு முடித்தவள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும் பழக்கம் இந்த இனத்துக்குக் கிடையாது.

ஒவ்வொரு பாகத்திலிருந்தும் தனக்குத் தோதானதை மட்டும் ஹாஜா முகைதீன் பொறுக்கிக்கொண்டார். டெக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் நண்பகல் வரை படுக்கையில் கிடந்தபடி சிந்திப்பாராம். அன்றிலிருந்து இவரும் பதினொரு மணி வரை சிந்தித்தார். குறட்டையோடு சிந்தித்தவர் தத்துவ உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கெப்ளர் என்ற ஜெர்மன் வானியல்காரரின் தாயாரைச் சூனியக்காரி என்று கோர்ட்டுக்கு இழுத்தார்களாம். அதைக் கேட்டதும், தன்னால் தன் குடும்பத்துக்கும் ஏதாவது கஷ்டம் வரவேண்டும் என்று ஏங்க ஆரம்பித்தார். அந்த ஏக்கம் தீரத்தான் போகிறது என்று அப்போது மெஹருன்னிசாவுக்குத் தெரியாது.

ஒருநாள் மீனை அலசிக்கொண்டே கேட்டாள்: "இந்த ஆளுகள்ல யாருக்காச்சும் பொஞ்சாதி இருந்துச்சாங்க?"

ஹாஜா முகைதீன் யோசித்தார். கோப்பர்நிக்கஸுக்கு இல்லை. டெக்கார்ட்டுக்கு இல்லை. நியூட்டனுக்கு அந்த நினைப்பே இல்லை. கலிலியோவுக்குப் பிள்ளைகள் மூன்று, கல்யாணம் மட்டும் இல்லை. அதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியுமா?

"கெப்ளருக்கு ரெண்டு."

"ரெண்டா? மொதல்லவளுக்கு முடியாமப் போயிருக்கும்" என்றாள் மெஹருன்னிசா. அது வாஸ்தவம்தான்.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. கிணற்றுக்கு வந்தபோதுதான் வினை வந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லையில் பதினாலடி உறைகிணறு ஒன்று இருந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அந்த ஒரு கிணறு மட்டும் இளநீராக இருக்கும். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் குடிக்க அங்கேதான் இறைத்துப் போவார்கள். புருஷன் கத்தாரில் இருந்த இருபத்துநாலு வருஷமும் அதைத் தூர் வாரி, வலை போட்டு மூடி, பாசி பிடிக்காமல் பார்த்துக்கொண்டவள் மெஹருன்னிசா. அந்தக் கரையில் மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, பால் மேல் ஆடை படிந்தது மாதிரி, உப்புத் தண்ணீரின் மேலாகத்தான் நிற்கும். ஆடையை எடுத்துக்கொள்ளலாம், அடியைக் கலக்கக் கூடாது. இது அங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் ஹாஜா முகைதீனுக்குப் பொறுக்கவில்லை.

"சூரியன்தான் சுத்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க. என்னாச்சு? கீழ போகப் போகத்தான் நல்ல தண்ணி" என்று சொல்லி, கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி, ஆழ்துளைப் போர் போட அடையாளமாக ஒரு குச்சியை நட்டார்.

போர் லாரியோடு வந்த வேல்ராஜ் குச்சியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "பாய், இங்கன அம்பதடி தாண்டுனா உப்புதான். கெணத்துக்குப் பக்கத்துல வேற நட்டிருக்கீங்க. உப்பு மேல ஏறி இதையும் கெடுத்துப்புடும்."

"கலிலியோவையும் இப்படித்தான் சொன்னாங்க."

"அவரு எந்த ஊர்ல பாய் போர் போட்டாரு?"

நூற்றிருபதடி. தண்ணீர் பீறிட்டு வந்தது, அதில் குறைச்சல் இல்லை. ஹாஜா முகைதீன் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் உறிஞ்சினார். அந்த நிமிஷம் அவர் முகம் போன போக்கை மெஹருன்னிசா பார்த்துவிட்டாள். அவர் விழுங்கிவிட்டுத் திரும்பினார்.

"மெஹரு, உப்புங்கிறது தண்ணியில இல்ல. உன் நாக்குல இருக்கு. ருசி, நிறம், வாசனை எதுவுமே பொருள்ல கெடையாது, அனுபவிக்கிறவன்கிட்டதான் இருக்குன்னு கலிலியோவே எழுதிருக்காரு."

இதில் கொடுமை என்னவென்றால், கலிலியோ உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எழுதியபோது அவர் யாரிடமும் உப்புத் தண்ணீரைக் கொடுத்துப் பருப்பு வேகவைக்கச் சொல்லவில்லை.

"அப்ப பாலு ஏங்க திரியுது? அதுக்கும் நாக்கு இருக்கா?" என்று கேட்டாள் மெஹருன்னிசா. அதற்கு விடை தேடி அவர் அறுபத்துநாலு பாகத்தையும் மறுபடி ஓடவிட்டார். ஆனாலும் மனிதர் பின்வாங்கவில்லை. திரிந்த டீயையும் வேகாத பருப்பையும் அறிவியலின் பெயரால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மோட்டார் தினமும் ஓடியது.

ஒன்பதாம் நாள் கிணற்றுத் தண்ணீரிலும் லேசாகக் கரிப்பு தட்டியது. மெஹருன்னிசா அவர் முன்னால் போய் நின்றாள். அழுதாள். திட்டினாள். டீக்கடை பாக்கரைக் கூப்பிட்டுப் பேசவைத்தாள். பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் வந்து எடுத்துச் சொன்னார்கள். குடம் தூக்கும் பெண்கள் பன்னிரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். வந்தவர்கள் எண்ணிக்கை கூடக்கூட ஹாஜா முகைதீனின் முகத்தில் களை கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில், "இத்தனை பேரு எதுக்குறாங்கன்னா நான் சரியான பாதையிலதான் போறேன். வேல்ராஜை வரச்சொல்லி இன்னும் எண்பதடி இறக்கப்போறேன்" என்றார்.

அந்த ராத்திரி முழுக்க மெஹருன்னிசா தூங்கவில்லை. ஆனால் விடிவதற்குள் ஒன்று பிடிபட்டுவிட்டது. கத்துகிற ஒவ்வொருத்தரும் இந்த மனிதருக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நேரே பாக்கர் கடைக்குப் போனாள்.

"தம்பி, இன்னைக்கு அவுக வந்தா சரின்னு சொல்லுங்க."

"எதுக்கு லாத்தா சரின்னு சொல்ல?" என்றார் பாக்கர். அந்தக் கரையில் அக்கா என்றால் லாத்தா, அண்ணன் என்றால் காக்கா.

"எல்லாத்துக்கும்." வேல்ராஜுக்கும் ஜமாஅத்துக்கும் குடம் தூக்கும் பெண்களுக்கும் அதையே சொல்லி அனுப்பினாள்.

அன்று பதினொரு மணிக்கு மேல் டீக்கடையில், ஆழத்தில் கிடைக்கும் தண்ணீரே நல்ல தண்ணீர் என்று ஹாஜா முகைதீன் ஆரம்பித்தார். "சரியாச் சொன்னீங்க காக்கா" என்றார் பாக்கர். பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். இவர் காத்திருந்தார். யாரும் மறுக்கவில்லை. வேல்ராஜுக்குப் போன் போட்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் பாய் இருக்கும். எப்ப வரட்டும்?" என்றார் அவர். ஜமாஅத்தில் பாராட்டினார்கள். குடத்தோடு வந்த பெண்கள் போர்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணில் படும்படி சிரித்துவிட்டுப் போனார்கள். தெரு முனையில் கொட்டியது அவருக்குத் தெரியாது.

ஊரே ஒத்துக்கொண்ட பிறகு ஒருவர் எப்படிக் கலிலியோவாக இருப்பது? இரண்டு நாளில் ஆள் வாடிப்போனார். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மெஹரு, உண்மையைச் சொல்லு. அந்தத் தண்ணி உனக்கு உப்பா இல்ல?"

"தேனா இருக்குங்க."

"எல்லாரும் நல்ல தண்ணிங்கிறாங்கன்னா இதுல எங்கயோ தப்பு இருக்கு" என்று எழுந்து போனார். ஒரு டம்ளர் பிடித்து வாயில் ஊற்றினார். நூற்றிருபதடி உப்பும் அப்போதுதான் அவர் நாக்குக்கு எட்டியது. மதியத்துக்குள் வேல்ராஜ் வந்து போரைக் களிமண் கொட்டி அடைத்துவிட்டுப் போனார். ஐப்பசி மழை இரண்டு முறை நின்று பெய்ததும் கிணறு பழைய கிணறாயிற்று. முதல் குடத்தை இறைத்துக் குடித்துப் பார்த்த மெஹருன்னிசா, அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? இந்த இனம் தோற்காது, கண்டுபிடிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும். மறுநாள் ஹாஜா முகைதீன் டீக்கடையில் எழுந்து நின்று, முந்நூறு வருஷமாக ஊருக்கே தெரிந்த விஷயத்தை உலகுக்கு அறிவித்தார்: "இந்தக் கரையில ஆழமாத் தோண்டினா உப்புத் தண்ணிதான் வரும்."

நல்லவேளை, மெஹருன்னிசா முந்திய நாளே கடையில் சொல்லி வைத்திருந்தாள்: இனி அவர் எது சொன்னாலும் யாரும் ஒத்துக்கொண்டுவிடக் கூடாது. ஒத்துக்கொண்டால் மறுபடியும் குச்சியோடு கொல்லைக்குப் போய்விடுவார்.

"அதெப்படி காக்கா, ஆழத்துலதான நல்ல தண்ணி?" என்றார் பாக்கர்.

ஹாஜா முகைதீனுக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து அந்தத் தெரு அவரை எதிர்த்துக்கொண்டிருக்கிறது. முறைக்கு ஆள் இல்லாத நாளில் மெஹருன்னிசாவே டீயை நீட்டிக்கொண்டு கேட்பாள்: "இன்னொரு போர் போட்டுப் பாத்தா என்னங்க?" அவர் சிரிப்பார். "உனக்கு அறிவியல் புரியாது மெஹரு" என்று சொல்லி, நல்ல தண்ணீரில் போட்ட டீயை உறிஞ்சிக் குடிப்பார்.

உங்கள் வீட்டிலும் நீங்கள் எது சொன்னாலும் யாராவது மறுத்துக்கொண்டே இருக்கிறார்களா? கோபப்படாதீர்கள். பெருமைப்படவும் வேண்டாம். சத்தம் போடாமல் கொல்லைப்பக்கம் போய், அவர்கள் எந்தக் கிணற்றை உங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.