எந்த ஈயம், அண்ணே?

மதுரையில் ஸ்டீல் குழாய்க் கடை நடத்தும் ஈஸ்வர் அண்ணனுக்கு, போடியிலிருந்து தங்கை சூர்யகலா வணக்கத்துடன் எழுதுவது. இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இங்கு அனைவரும் நலம், பாப்பாவின் வயிறு தவிர.

அந்த வயிற்றில் வாயு என்றதும் உன் மாப்பிள்ளை, கடை ஓமத் தண்ணீரை நம்பக் கூடாது, நானே காய்ச்சுகிறேன் என்று ஸ்டீல் குக்கரைத் தூக்கிவிட்டார். ஆவி குளிர்ந்து சொட்ட ஒரு குழாய் வேண்டுமே, முதலில் பழைய ஆன்டெனாவின் அலுமினியத்தைப் பிடுங்கினார், பிள்ளைக்கு ஆகாதென்று கத்தினேன். அடுத்து இரும்புக் குழாய், அதில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, "இரும்புச்சத்து கலா" என்றார். கடைசியில் செம்புக் குழாய், இரண்டு துண்டாகத்தான் கிடைத்தது, சேரும் இடத்தில் ஆவி சீறியது. அதை அடைக்க, பாத்திரத்துக்கு ஈயம் பூசும் சுருளி அண்ணனைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு அவர் டம்ளரோடு வந்துவிட்டார்.

"ஓமத்தையா மாப்ளே காய்ச்சுறீக?" முகம் தொங்கிப்போச்சு.

அடைத்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, இது வெள்ளீயமா, காரீயமா?"

"ஈயந்தேம்மா."

"காரீயம்னா விஷம்ணே. பிள்ளை குடிக்கிறது."

"ஈயத்துலயுமா சாதி பாப்ப, தாயி?"

உடனே அத்தை, "என் ஈயச்சொம்பு ரசத்தைக் குடிச்சுத்தேன் ஒம் புருசன் வளந்தான். கெட்டா போயிட்டான்?" என்றார். நான் உன் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் அப்போது குழாயின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதிக்கொண்டு, மறுமுனையில் காற்று வருகிறதா என்று தானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷம் கெமிஸ்ட்ரி படித்தேன். புத்தகத்துத் தனிம அட்டவணையில் இரண்டும் வேறு வேறு கட்டத்தில் இருந்தன. இந்த வீட்டில் இரண்டும் ஈயம். விடிந்ததும் பாப்பாவுக்கு முதல் சங்கு புகட்டணுமாம். காய்ச்சிய ஓமத் தண்ணீர் பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் ஒளித்திருக்கிறேன். ஒட்டே இல்லாத ஸ்டீல் குழாய், ஒரே துண்டாக, உன் கடையில் இருக்கிறதா?

அண்ணிக்கு என் அன்பு. உன் பிள்ளைகள் வாயுத் தொல்லையின்றி நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
சூர்யகலா

பின்குறிப்பு: பொறுக்காமல் உன் மாப்பிள்ளையை எழுப்பிக் கேட்டுவிட்டேன். சுத்த வெள்ளீயம்தானாம். எப்படித் தெரியும் என்றேன். சுருளி அண்ணனிடம் ஈயம் தீர்ந்துவிட்டதால் வெள்ளீயத்தில் வார்த்த அத்தையின் ஈயச்சொம்பில் விளிம்பு மட்டும் உருகட்டும் என்று அடுப்பில் காட்டினார்களாம், முழுசும் உருகி உட்கார்ந்துவிட்டதாம். குழாய் மெதுவாக வரட்டும், அதுவரை கடை ஓமத் தண்ணீரே போதும். நாளை மத்தியானம் ரசத்துக்கு அத்தை அந்தச் சொம்பைத் தேடுவார். மதுரையில் ஒரு படி ஈயச்சொம்பு கிடைக்குமா? பழசாக இருக்கணும், கழுத்தில் நசுங்கல் அவசியம். சீக்கிரம் பதில் போடு.