பச்சைப் புள்ளி

ஸ்டோர்கீப்பரின் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. முப்பது கேள்விக்குப் பதில் வாங்கி, யார் மனநிறைவோடு உழைப்பார்கள், யார் சுணங்குவார்கள் என்று கம்ப்யூட்டர் பிரித்துப் போட்ட பட்டியல் அது. ஆறு பேருக்குச் சிவப்பு. அவர்களுக்குச் சீட்டுக் கிழியப்போகிறது என்று பட்டறை முழுக்கப் பேச்சு.

பதினோரு வருஷமாக அவருக்கு மதிய ஷிப்டு. வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். அவர் எழுவதற்குள் பள்ளிக்குப் போயிருப்பாள். பகல் ஷிப்டு கேட்டு அவர் கொடுத்த மனு ஏழு வருஷமாக ஆபீஸில் தூங்குகிறது. இப்போது வேலைக்கே ஆபத்து.

பணியாளர் பிரிவு அதிகாரியம்மாவிடம் ஓடினார்.

"மேடம், நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"நீங்க சொன்னா ஆச்சா? குணத்தை வெச்சு அது கணக்குப் போடுது. தனியா டீ குடிப்பேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? சூப்பர்வைசர் நல்லபடியா எழுதினா புள்ளி மாறும். மேலிடம் என்ன முடிவெடுக்கும்னு எனக்கே தெரியாது."

மறுநாளிலிருந்து வெல்டர்கள் கும்பலோடு டீ குடித்தார். புரியாத ஜோக்குக்கெல்லாம் சிரித்தார். சிரித்த சிரிப்பில் நட்டு கேட்டவருக்கு போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். புள்ளி அசையவில்லை.

"சிரிச்சா போதுமாங்க? எதையாவது இழுத்துப் போட்டுச் செய்யுங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சரக்குச் சரிபார்ப்பை ஏற்றுக்கொண்டார். மகளோடு இருந்த ஒரே நாளும் போனது. புள்ளி மஞ்சளானது.

"இன்னும் என்ன குறை மேடம்?"

"இந்த மனு குறுக்கே நிக்குதே. ஷிப்டு பிடிக்கலைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

மனுவைக் கையில் வாங்கி, ஏழு வருஷத்துக்கு முந்தைய தேதியை ஒருமுறை பார்த்தார். வேலையே போனால் எந்த ஷிப்டு இருந்து என்ன? கிழித்துப் போட்டார். 'மதிய ஷிப்டு மிகவும் பிடித்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அன்று சாயங்காலமே பச்சை.

திங்கட்கிழமை மதியம் அவர் கேட்டுக்குள் நுழையும்போது, மற்ற ஐந்து சிவப்புப் புள்ளிக்காரர்களும் டிபன் பாக்ஸோடு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

"அஞ்சு பேரையும் அனுப்பிட்டாங்களா?" என்று கேன்டீன்காரரிடம் கேட்டார்.

கேன்டீன்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "யாரு சொன்னது? மனசு சரியில்லாதவங்கன்னு அவங்களுக்கெல்லாம் இன்னியிலிருந்து பகல் ஷிப்டு, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறாங்க. சந்தோஷமா இருக்கிற மனுஷனை எதுக்கு மாத்தணும்னு உங்களை மட்டும் இங்கேயே விட்டுட்டாங்க."