நீ அனுப்பிய நீளக்கம்பு ரம்பத்தைப் பற்றி

அன்புள்ள மருமகன் ஒபெதுக்கு, மாமன் எலியூத்தேரியோ வாயால் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே நானும் மூன்று கோழிகளும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. ஒர்லாண்டோவில் நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது என்பது நீ அறிந்ததே. தபால் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் நெரெய்தா எழுதுகிறாள். அவள் இந்த மலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. ஆகவே யார் பக்கமும் சாயாமல் எழுதுவாள்.

ஈஸ்டருக்கு வரும்போது ரம்பத்தைத் திரும்ப எடுத்துப்போவதாகப் போனில் சொன்னாய். "எண்பத்தாறு வயசுல உங்க கையில அந்த மெஷின் வேணாம் மாமா, ஏற்கெனவே ஒருதரம் பண்ணினது போதும்" என்றாய். ரம்பம் போனால் எனக்கு வேறு வழியில்லை. இந்த முழங்காலோடு ஏணி ஏற முடியாது. வெண்ணெய்ப்பழ மரம் மறுபடி மின்கம்பிப் பக்கம் கிளை விடுகிறது. ஆகவே அன்றைக்கு நடந்ததை முறையாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

அது மரியா புயல் நம் தீவை அடித்துப் போன ஆறாம் மாதம். அந்த வருடம் மார்ச்சில் மட்டும் இரண்டு பௌர்ணமி வந்தது, பிப்ரவரியில் ஒன்றுகூட இல்லை. பாதி வீடுகளுக்கு நீலத் தார்ப்பாய்தான் கூரை. நீ அனுப்பிய பெட்டி தபாலில் வந்தது அப்போதுதான். உள்ளே ரம்பம், கம்பு இரண்டு துண்டு, ஒரு சின்னப் புட்டி ஆயில், காதை மூடுவதற்கு ஒன்று, படம் போட்ட புத்தகம். புத்தகத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டேன். பெட்ரோலில் ஆயில் கலப்பது புரிந்தது, கயிற்றை இழுப்பது புரிந்தது. ஒரு படத்தில் கம்பமும் மின்னலும் வரைந்து மேலே சிவப்பாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள். இடி மின்னலில் மரம் வெட்டக்கூடாது என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை எங்கள் மேட்டுத் தெருவின் பதினொரு வீட்டுக்கும் மின்சாரம் வந்தது. நூற்று எண்பத்தொன்பது நாள் கழித்து வந்தது. பக்கத்து வீட்டு கிறிஸ்தினோ அண்ணனுக்குச் சர்க்கரை நோய். அவருடைய இன்சுலினை அத்தனை நாளும் சத்துர்னினா மதினி ஐஸ் வாளியில் வைத்துக் காப்பாற்றினாள். புதன் இரவு அதைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை உன் அத்தை ஹெர்மினியா தேங்காய்ப்பால் சோறு செய்து பதினொரு வீட்டுக்கும் கொடுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை. பெரிய வியாழனிலிருந்து ஊமையாக இருந்த கோயில் மணி திரும்ப அடிக்கும்போது, காய்க்காத மரத்தை மிரட்டுவது நம் வழக்கம் என்று நீ மறந்திருக்க மாட்டாய். ஒருத்தர் கத்தியோடு போய், "நீ காய்க்கிறதில்ல, உன்னை எதுக்கு வச்சிருக்கேன், இப்பவே வெட்டுறேன்" என்று சொல்ல வேண்டும். இன்னொருத்தர் நடுவில் வந்து, "பாவம், விட்டுடு, வர்ற வருஷம் காய்ச்சிடும், நான் ஜாமீன்" என்று கெஞ்ச வேண்டும். கத்தியின் முதுகால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு இரண்டு பேரும் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். நம் வெண்ணெய்ப்பழ மரம் புயலுக்கு முன்பே நான்கு வருடமாகக் காய்க்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மிரட்டியாகிவிட்டது. கத்தியைப் பார்த்துப் பார்த்து அதற்குப் பழகிவிட்டது, இந்தத் தடவை மெஷினைக் காட்டினால்தான் பயம் வரும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஆகவே மணி அடித்ததும் கயிற்றை இழுத்தேன், ஆறாவது இழுப்பில் ரம்பம் கிளம்பியது, காதை மூடிக்கொண்டேன், கம்பை மேலே தூக்கி, வேலிப் பக்கம் போன கிளையின்மேல் சும்மா தொடுகிற மாதிரி வைத்தேன். கத்தி என்றால் தொட்டால் தொட்டதோடு நிற்கும், ரம்பம் அப்படி இல்லை, ஒபெத், வைத்த இடத்தில் தானாகத் தின்றுகொண்டு போகும். ஹெர்மினியா வந்து இரண்டு கையையும் தூக்கி, "விட்டுடு, விட்டுடு" என்று கெஞ்சினாள். வழக்கப்படி நான் தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவள் மண்டியிட்டாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக யாரும் கெஞ்சிப் பார்த்ததில்லை என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு செருப்பைக் கழற்றி என்மேல் எறிந்தாள். அதையும் கெஞ்சலில் சேர்த்துக்கொண்டேன். கனமான கிளையை அடியில் முதலில் கொஞ்சம் கீறிவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையோடு கிழித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி வீசும். வீசியது. நேராக மின்கம்பியில் போய் உட்கார்ந்தது. கம்பத்துப் பெட்டி ஒருதரம் வெடித்து, நீலமாக எரிந்து அணைந்தது. பதினொரு வீட்டிலும் ரேடியோ ஒரே நேரத்தில் நின்றது. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மதினி வேலியோரம் நின்று, என்னைச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"தேயோ, நூத்தி எண்பத்தொம்பது வரைக்கும் எண்ணி வச்சிருந்தேன். இப்ப மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணுமா, இல்ல நூத்தித் தொண்ணூறுன்னு வச்சுக்கவா?"

"மதினி, மரத்தை மிரட்டினேன்."

"மரத்துக்குப் பயம் வந்ததோ இல்லியோ, எனக்கு வந்துடுச்சு. அவருக்கு மருந்து எதுல வைக்க?"

அன்றிலிருந்து தினமும் விடியும்போது டவுனுக்கு நடந்து போய் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்து கிறிஸ்தினோ அண்ணன் வாளியில் கொட்டினேன். போகப் பதினொரு கிலோமீட்டர், வர வண்டி கிடைத்தால் வண்டி. இருபத்தாறு நாள். வழியில் பார்த்தவனெல்லாம், "இருட்டுக்காரர் வர்றார், மெழுகுவத்திய ஒளிச்சு வை" என்றான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி தீவு முழுக்க ஒரே நேரத்தில் மின்சாரம் போனபோது, மதினி என் வாசலில் வந்து நின்று, "உண்மையச் சொல்லு, இதுவும் நீதானா?" என்று கேட்டாள். இருபத்தேழாம் நாள் கம்பி இழுக்கிற பையன்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டேன். அண்ணனுக்கு ஒரு நாள் மருந்துகூடக் கெடவில்லை.

அதற்கப்புறம் ஏழு வருடம். அதே ரம்பத்தால் அந்த மரத்தைத் தரையில் நின்றபடி வருடா வருடம் தேய்பிறையில் நானே கழிக்கிறேன், அடியில் கீறி, துண்டு துண்டாக. கம்பிக்கு ஒரு இலைகூடப் படவில்லை. ஒருதரம் தவறு செய்தவன் கைதான் ஜாக்கிரதையான கை. ஆகவே ரம்பத்தை என்னிடமே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உன் கூரையும் சம்பளமும் காற்றுக்கு அசையாமல் இருக்கட்டும். இப்படிக்கு, உன் மாமன் எலியூத்தேரியோ, பெருவிரல் ரேகை.

பின்குறிப்பு: நெரெய்தா முழுவதையும் வாசித்துக் காட்டினாள். "இதைக் கேட்டா நானே வந்து அந்த ரம்பத்தைப் பிடுங்கிட்டுப் போவேன் தாத்தா, உங்க மருமகன் பிடுங்காம இருப்பாரா?" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆகவே மேலே சொன்னதில் ஒரு இடத்தை மாற்றிக்கொள். ரம்பம் பிடித்திருந்தது நான் இல்லை, உன் அத்தை. மெஷினைக் காட்டினால் மரம் பயப்படும் என்றது அவள்தான், காதை மூடியிருந்ததும் அவள்தான். கெஞ்சியவன் நான், மண்டியிட்டவன் நான், செருப்பை எறிந்தவனும் நான். "கம்பி, கம்பி" என்று தொண்டை கிழியக் கத்தினேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அறுத்தாள். பெட்டி வெடித்ததும் ரம்பத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன், ஜனங்கள் ஓடி வந்தபோது அது என் கையில் இருந்தது. "நான் போய்ச் சொல்லிடுறேன்" என்று அன்று ராத்திரி அழுதாள். "நீ கோயில்ல ஜெபமாலை சொல்ற பொம்பளை, உன் பின்னால நாப்பது பேர் சொல்றாங்க. என்னைக் கழுதைன்னு ஏற்கெனவே சொல்றாங்க, ஒண்ணு கூடினா என்ன" என்று சொல்லிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மட்டும் சொன்னாள். அந்தச் சாமியாரும் செத்துப் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து மதினியிடமும் சொன்னாள், இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள், பிறகு மதினி போனாள், போன வருடம் ஹெர்மினியாவும் போனாள். அவள் இருந்திருந்தால் ரம்பத்தை நீ எடுத்துப்போகட்டும் என்று விட்டிருப்பேன், இதைச் சொல்லியிருக்க மாட்டேன். என் பேச்சை நீ நம்ப வேண்டாம். வரும்போது பக்கத்து வீட்டு மாடியில் கேள். அன்றைக்கு அங்கே நாற்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தவர் ஒருத்தர் உண்டு. நான் ஐஸ் கொண்டுபோன இருபத்தாறு நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, "ஹெர்மினியாவுக்குத் தோள் வலி தேவலையா?" என்று மட்டும் கேட்பார். தொண்ணூற்றொன்று ஆகிறது, காது கேட்காது, உரக்கக் கேள். முதலில் போய்விடுவார் என்று நாங்கள் எல்லோரும் பயந்த மனுஷர். என்னைத் தவிர இதை அறிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவர் மட்டும்தான், கிறிஸ்தினோ.