எவாரிஸ்தோவின் இடது கால்

எவாரிஸ்தோ சபதம் போட்டது போனில். போட்ட வேகத்தில் சமையலறை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

விஷயம் சலாமி. மெந்தோசாவில் மூன்று மாதம் தன் கையால் உப்புத் தடவி, உலர்த்தி, உத்திரத்தில் தொங்கவிட்ட பன்றிக்கறி உருளை. மலைக்கு அந்தப் பக்கம், சிலே நாட்டுச் சந்தியாகோ நகரில் இருக்கும் சம்பந்தி லிசாந்த்ரோ சிரித்துவிட்டார்.

"வீட்டுல செஞ்ச கறியை எங்க சிலே எல்லையைத் தாண்ட விடமாட்டாங்க சம்பந்தி. ஒரு துண்டுகூட வராது."

"வரும்வோய்! உம்ம மேஜைக்கே வரும்! வரலேன்னா உம்ம முன்னாலயே என் மீசையை எடுத்துடறேன்!"

முப்பத்தொரு வருஷ மீசை. பழைய குளிர்பெட்டி வாங்கி விற்கும் தொழிலில் பாதி பேரம் அந்த மீசை பேசியது. வீட்டில்தான் அதற்கு மரியாதை இல்லை.

"சூப்புல பாதி அது குடிக்குது, மீதியைத்தான் நீங்க குடிக்கறீங்க" என்பாள் மனைவி நெலிதா. "கிட்ட வந்தா தென்னந்துடைப்பம் மாதிரி குத்துது. எடுங்கன்னா எடுக்கறீங்களா?"

இப்போதும் அவள் நியாயம்தான் பேசினாள். "எல்லையில குடுக்கற படிவத்துல கறி 'இருக்கு'ன்னு எழுதிட்டா, எடுத்துக்கிட்டு விட்டுடுவாங்க. 'இல்லை'ன்னு எழுதி மாட்டினா அபராதம்."

"ஏண்டி, கஸ்டம்ஸ்காரனுக்கு ஊட்டவா மூணு மாசம் உலர்த்தினேன்?"

சம்பந்தி வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே மூட்டை தயார். சலாமிக்கு மேல் பிளாஸ்டிக் தாள். அதற்கு மேல் நாய் மூக்கை ஏமாற்றக் காபித்தூள். மறுபடி தாள். எல்லாவற்றுக்கும் மேல் நெலிதாவின் பழைய கம்பளிக் காலுறை. காலையில் அதை இடது காலில் இறுக்கிக் கட்டி, பேன்ட்டை இறக்கிவிட்டார். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. குளிரில் இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் படிவம் கொடுத்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதால் நெலிதாவே இருவர் படிவத்தையும் நிரப்பினாள். கறி, பழம், பால் பொருள் என்று வாய்விட்டுப் படித்து, எதற்கும் தயங்காமல் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. எவாரிஸ்தோ கையெழுத்தைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்தார்.

"நீயாடி இது? தக்காளிக்காரன் ஒண்ணு கூடப் போட்டாலே திரும்பிப் போய்க் குடுத்துட்டு வருவியே!"

"பொய் எழுதினாத்தானேங்க பயப்படணும்?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லைச் சாவடியில் வரிசை நகரவே இல்லை. எவாரிஸ்தோவால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முட்டி மடங்கவில்லை. நெற்றியில் ஆரம்பித்த வியர்வை மீசையில் வந்து சொட்டியது. கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முன்னால் நின்றவரிடம் காரணமில்லாமல் சண்டை பிடித்தார்.

"அசையாம நில்லுங்க. எறும்புப் புத்துல நிக்கற மாதிரி ஏன் ஆடறீங்க?"

"வாயை மூடுடி. நாய் வருது."

வந்தது. பெட்டிகளை முகர்ந்தது. குழந்தைகளை முகர்ந்தது. எவாரிஸ்தோவின் இடது காலுக்கு வந்ததும், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி அமைதியாக உட்கார்ந்துவிட்டது.

"பேன்ட்டைத் தூக்குங்க சார்" என்றாள் அதிகாரி. சின்ன வயசு. கண்டிப்பான முகம்.

"அது... மூட்டுவலிக் கட்டும்மா."

"நாய் மூட்டுவலிக்கெல்லாம் உட்காராது சார்."

காலுறை அவிழ்ந்தது. சலாமி வாசனை ஏறிய தாள் பிரிந்தது. காபித்தூள் கொட்டியது. கடைசியில் மேஜைமேல் உருண்டு நின்றது, மாவு தேய்க்கும் கட்டை. ஞாயிறுதோறும் நெலிதா ரவியோலிக்கு மாவு தேய்க்கும் அதே கட்டை.

எவாரிஸ்தோவுக்குக் கண் இருட்டியது. 'ஐயோ, என் சலாமியைக் காணோம்' என்று கத்த வாய் திறந்தார். எதிரே அதிகாரி. கையில் அவர் கையெழுத்துப் போட்ட படிவம். வாயை மூடிக்கொண்டார்.

"இதை ஏன் சார் கால்ல கட்டியிருக்கீங்க?"

பஸ் முழுக்கக் காது நீட்டியது. நெலிதா முன்னால் வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. நான் இதை எடுத்து அடிச்சிடுவேனோன்னு அவருக்குப் பயம், அதான் என் கைல குடுக்காம தன் கால்லயே கட்டிக்கிட்டு வர்றார்."

வரிசை சிரித்துக் குலுங்கியது. நாய்கூட எழுந்து போய்விட்டது.

"சலாமி எங்கடி?" என்று பல்லைக் கடித்துக் கிசுகிசுத்தார்.

"நம்ம வீட்டு உத்திரத்துலதான். பத்திரமா தொங்குது. அபராதமும் இல்லை, பாவமும் இல்லை."

அதிகாரி நெலிதாவின் கைப்பையைத் திறந்தாள். உள்ளே புத்தம்புது சவரக் கத்தி, சோப்பு, பிரஷ். உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது விற்கறதுக்காம்மா?"

நெலிதா நிமிர்ந்து, கணவரின் மூக்குக்குக் கீழே ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"இல்லம்மா. சொந்த உபயோகத்துக்கு. சம்பந்தி வீட்டுக்குப் போனதும் தேவைப்படும்."